ஏழாவது கட்டம்

படிவத்தின் ஏழாவது கட்டத்தில்
எஞ்சின் நின்ற நேரத்தை நான் எழுத வேண்டும்.
நிமிடம், நொடி. மூன்று பிரதிகள்.
மைனஸ் பதினெட்டில் பேனா உறைந்துவிடுவதால்
பென்சிலுக்குத் தனியாக அனுமதி வாங்கியிருக்கிறேன்.

பிஷ்கெக்கின் வடக்கு ஓரம்,
மூடிப்போன ஒரு சர்க்கரை ஆலையின் முற்றம்.
இன்றைக்கு ஆறாவது வண்டி:
தடம் நூற்று முப்பத்தேழு, வெள்ளை மர்ஷ்ருத்கா,
உரிமையாளர் துர்குனாலி.
எங்கோ ஜெர்மனியில் ரொட்டி விற்ற வண்டி அது.
பக்கவாட்டில் இன்னும் வெளிறிய முறுக்கு ரொட்டிப் படம்,
அதன் கீழே இங்கே யாரும் படித்திராத ஒரு வரி.
பதினேழு வருஷம் அந்த ரொட்டியின் பின்னால்
காலைச் சாப்பாடு இல்லாமல் நின்றுகொண்டே போனோம்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது.
எரிவாயுப் பேருந்துக்கு அரசு மானியம் வேண்டுமென்றால்
டீசல் எஞ்சின் சாக வேண்டும்,
அதுவும் சாட்சியின் கண்முன்.
இல்லாவிட்டால் அடுத்த மாதமே
வேறொரு வண்டியின் வயிற்றில் உட்கார்ந்து இருமும்.
சாட்சி நான். ஜிபர்குல், இரண்டாம் நிலை ஆய்வாளர்.

எண்ணெயை வடித்தார்கள்.
அந்த இடத்தில் இரண்டு லிட்டர் நீர்க்கண்ணாடி.
பார்க்கத் தண்ணீர் மாதிரிதான்;
சூடேறினால் உள்ளே கல்லாகிவிடும்.
சாவிக்கு என் உதவியாளன் கை நீட்டினான்.
"நானே போடுறேன்," என்றார் துர்குனாலி.

வழக்கமாக இரண்டு நிமிடம். மூன்றென்றால் அதிகம்.
இது ஐந்திலும் ஓடியது.
ஆறில் ஜன்னல்கள் கடகடத்தன,
ஏழில் ஏதோ ஒன்று கழன்று உள்ளேயே உருண்டது.
அவர் திரும்பிப் பார்க்காமல்
வலது கையைத் தோளுக்கு மேலே நீட்டினார்,
உள்ளங்கை விரித்து:
கடைசி இருக்கையிலிருந்து கைமாறிக் கைமாறி வரும்
சில்லறையை வாங்குகிற கை.
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.
பிறகு கியர் மேல் வைத்துக்கொண்டார்.

எட்டு நிமிடம், நாற்பது நொடி.
எழுதினேன்.

அந்த எட்டு நிமிடத்தில் அது கக்கிய புகையில்
உதவியாளனின் மஞ்சள் தொப்பி கண்ணுக்குத் தெரியவில்லை.
இரக்கப்படாதே, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
என் மகன் பள்ளிக்கூடப் பையில்
இன்ஹேலரை அழிரப்பர் பக்கத்தில் வைக்கிறான்.
டிசம்பர் பிறந்துவிட்டால்
தெற்கே மலை இருப்பதை
வரைபடத்தைப் பார்த்துத்தான் நம்புகிறோம்.

கையெழுத்துப் போடும்போது கேட்டார்:
"புது வண்டி எப்போ?"
"வசந்தத்தில்."
"எந்த வசந்தம்?"
படிவத்தைப் புரட்டினேன். அதற்குக் கட்டமில்லை.
அவர் கையுறையை மாட்டிக்கொண்டு
நூற்று முப்பத்தேழின் தடத்திலேயே
நடந்து போனார், நிறுத்தம் நிறுத்தமாக.

மாலை. வீடு. வாளியில் நிலக்கரி.
அடுப்பின் வாயைத் திறந்து
ஒரு அள்ளு, இன்னொரு அள்ளு.
குளிர் அப்படி.
எங்கள் தெருவில் நாற்பது புகைபோக்கி,
அதில் ஒன்று என்னுடையது.
அதைச் சாகடிக்க
யாரும் இன்னும் சாட்சி அனுப்பவில்லை.

"இன்னைக்கு எத்தனைம்மா?" என்றான் மகன்.
"ஆறு."
வாளியிலிருந்து ஒரு கரித்துண்டைப் பொறுக்கி
ஜன்னலோரச் சுவரில் கோடு போட்டான்.
நான்கு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே.
ஆறாவதைப் போடுவதற்குள் இருமல் வந்தது.
கோடு கொஞ்சம் கோணலாக இறங்கியிருக்கிறது.