நினைப்புக்குக் கட்டம் இல்லை

இடது கையில் பட்டை, இடுப்பில் ஒரு பெட்டி.
அரை மணிக்கொரு தரம் உறுமி
கையைப் பிடித்து நெரிக்கும், பிறகு
ஒன்றும் நடக்காததுபோல் விட்டுவிடும்.
இருபத்துநாலு மணி நேரம்.
டாக்டர் ஸ்கெர்க் ஒரு தாளும் தந்தார்:
நேரத்துக்கு ஒரு கட்டம்
செய்கைக்கு ஒரு கட்டம்
அவ்வளவுதான்.

ட்ரியெஸ்டேயில் அன்று போரா.
மேட்டிலிருந்து கடலைப் பார்த்து
ஆளைத் தள்ளிக்கொண்டு இறங்கும் காற்று.
ஸ்கூட்டர்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.
நகராட்சி கட்டிவைத்த கயிற்றில்
முன்பின் தெரியாத ஒருவரும் நானும்
துணிபோலத் தொங்கினோம்.
அவர் தொப்பி பறந்து
ஒரு கடற்காகத்தைத் துரத்திக்கொண்டு போயிற்று.
இருவரும் சிரித்தோம், வாய்க்குள் மணல்.
அந்த நேரம் பார்த்துப் பட்டை இறுக்கியது.
எழுதினேன்:
பத்து மணி. கயிற்றைப் பிடித்திருந்தேன்.

என் வேலை கப்பல் காப்பீடு.
ஒரு கப்பலைக் காட்டினால்
அது மூழ்க ஏழு வழி சொல்வேன்.
இன்னும் வராத சேதத்துக்கு
இன்றே விலை போடுவதற்குத்தான் சம்பளம்.
ஐந்து மணிக்கு மேசையைப் பூட்டலாம்,
வழி எண்ணும் பழக்கத்துக்குப் பூட்டில்லை.
மகன் பத்து நிமிடம் தாமதித்தால்
ஆஸ்பத்திரி வராந்தாவில்
எந்தப் பக்கம் உட்காருவேன் என்பதுவரை
எனக்குத் தெரியும்.

இரவு எட்டு மணி.
சோபா. விளக்கு. கெட்டிலில் கெமொமில்.
ஜன்னலுக்கு வெளியே காற்று ஊளையிட்டது,
உள்ளே ஒரு தூசிகூட அசையவில்லை.
தாளில்: உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டரை: படுத்திருந்தேன்.
மூன்று: படுத்திருந்தேன்.

மறுநாள் டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
போராவில், கயிற்றில், நூற்று நாற்பத்தொன்று.
நான்கு மாடி ஏறியபோது நூற்று ஐம்பது.
சோபாவில் நூற்று எழுபத்தெட்டு.
"எட்டு மணிக்கு யாராவது வந்திருந்தார்களா, நெவியா?"
யாரும் இல்லை, என்றேன்.
அவர் பேனா நிற்கவில்லை,
ஆனால் மெதுவாயிற்று.

யாரும் இல்லைதான்.
தம்பி மட்டும்.
உதினேயில் தன் வீட்டில்
மீன் பொரித்துக்கொண்டிருந்திருப்பான்.
ஏப்ரல் மாதம் தொலைபேசியில்,
அம்மாவின் வீட்டை விற்கும் பேச்சில்,
"உனக்கு எல்லாமே கணக்குதான்" என்றான்.
அன்று வாயடைத்துப் போனேன்.
அதிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்
சோபாவில், குளியலறையில், சிவப்பு விளக்கில்,
மாடு வைக்கோலை அசைபோடுவதுபோல,
விழுங்கியதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து.
நேற்று சொன்னது பதினோராவது பதில்.
அதற்கும் அவனிடம் மறுமொழி இருந்தது,
நானே எழுதிக் கொடுத்த மறுமொழி,
என்னுடையதைவிடக் கூர்மையாக.

ரத்தத்துக்குத் தெரியாது பாவம்,
கூடத்தில் ஆள் இருக்கிறானா இல்லையா என்று.
கூப்பிட்டால் ஓடிவரும்.

"எல்லாம் யோசனையால் வந்ததென்று சொல்லமாட்டேன்,"
என்றார் டாக்டர், என்னைவிடப் பத்து வயது இளையவர்,
"உங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கிறது.
பன்றித் தொடை, உப்பு, தூக்கமின்மை, அதெல்லாம் உண்டு."
காலையில் ஒரு மாத்திரை. மூன்று மாதம் கழித்து வரணும்.
பட்டையைக் கழற்றினார். கையில் சிவப்பாக ஒரு வளையம்.

காற்று நின்றிருந்தது.
யாரோ ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார்.
பேருந்து நிறுத்தத்திலிருந்து துவிலியோவுக்குப் போன் செய்தேன்.
ஏப்ரலில் நீ சொன்னாயே, அது, என்றேன்.
வாய்நிறைய எதையோ மென்றுகொண்டு கேட்டான்:
"ஏப்ரலா? என்ன சொன்னேன்?"

நிஜமாகவே மறந்துவிட்டிருக்கிறான்.
நியாயமாக, அங்கேயே இறங்கியிருக்க வேண்டும் பாரம்.
ஆறாம் நம்பர் வந்தது, ஏறினேன்,
ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
எப்படி மறக்க முடியும் அவனால்,
என் எட்டு மாதத்தை,
என்று தொடங்கியது பன்னிரண்டாவது.

பட்டை இல்லாத கையில்
ஏதோ இறுக்கியது.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
சரியாக அரை மணி.
டிக்கெட்டின் பின்புறம் எழுதினேன்:
பதினொன்றரை. சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.
எதிரே காலி இருக்கை.