ஐந்தாம் விரல்

பாயான் லெப்பாஸ், இரண்டாம் தளம், சோதனை அறை.
என் இயந்திரத்துக்கு ஆறு விரல்கள்,
கை கிடையாது.
நான்கு நொடிக்கு ஒருமுறை
ஆறும் இறங்கி ஆறு பொத்தான்களை அழுத்தும்.
மருத்துவமனைக் கட்டிலில் கம்பியோடு தொங்குமே,
தாதியைக் கூப்பிடும் பொத்தான், அதை.

அழுத்தும்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரியும்.
வா என்று பொருள்.
போகாமல் இருப்பது என் வேலை.
எண்ணிக்கையைக் குறிப்பேன், எண்ணெய் விடுவேன்,
பிஸ்கட்டைக் கோப்பியில் நனைப்பேன்.
முதல் வாரம் மட்டும்
விளக்கு எரிந்தால் என் குதிகால் தரையை விட்டு எழுந்தது.
அப்புறம் பழகிவிட்டது.
தாதிகளுக்கும் பழகியிருக்கும்.

பத்து லட்சம் தாங்கினால் தேர்ச்சி.
ஒன்பது நொடி இடைவெளி விழுந்தால் கணக்கு பூஜ்யத்துக்குப் போகும்.
விதியை எழுதியவர் ஜெர்மனியில் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தோராம் நாள், விடியற்காலை மூன்று பத்து.
ஐந்தாம் விரலின் ஓசை மாறிற்று:
டொக் இல்லை, ஒரு ஸ்ஸ்.
காற்றுக் குழாய் கிழிந்திருந்தது.
விரல் பாதி வழியில் நின்று நடுங்கியது,
சொல்ல வந்ததை மறந்துபோனவரைப் போல.

எட்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்!
விரலை மேலே தள்ளிவிட்டு
என் கட்டைவிரலை வைத்தேன்.
ரொஹானி குழாய் தேடி ஸ்டோருக்கு ஓடினாள்.
ஸ்டோர் பூட்டு. சாவி தியோவிடம்.
தியோ ஆயர் ஈத்தாமில், கைப்பேசியை அணைத்துவிட்டு.

அழுத்து. வா. விடு.
அழுத்து. வா. விடு.
நூறு வரைக்கும் கடமை.
முந்நூறில் நகக்கண் எரிந்தது, கை மாற்றினேன்.
அதற்கப்புறம் யார் மேலென்று தெரியாத கோபம்,
இவ்வளவு கூப்பிடுகிறேன்,
ஒருத்தர் வந்தால்தான் என்ன.

ரொஹானி வந்தாள்.
பழுதென்று மூலையில் ஒதுக்கிய லேபிள் இயந்திரத்தின்
வயிற்றைத் திறந்து, நகவெட்டியால் அறுத்த
ஒரு சாண் நீலக் குழாயோடு.
மாட்டினோம். டொக்.
இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

காலையில் தியோ திரையைப் பார்த்தார்.
இருநூற்றைம்பது கிராம், இருநூற்றைம்பது கிராம் என்று
இஸ்திரி போட்ட கோடு.
நடுவே நாற்பது நிமிடம்
பினாங்கு மலையாய் ஏறி இறங்கும் கிறுக்கல்;
கடைசிப் பக்கம் அறுநூறு, எழுநூறு கிராம்கூட.
"இரைச்சல்," என்றார்.
"எண்ணிக்கை இருக்கட்டும். கோட்ட அழிச்சிரு."
அறுநூற்றுப் பதினொன்றையும் தேர்ந்தெடுத்தேன்.
நீக்கவா என்று கேட்டது கணினி.
ஆம் என்பதை அழுத்தினேன்.
அது எத்தனை கிராமோ, யாரும் அளக்கவில்லை.

எட்டரை மணி பஸ் ரெலாவ் மேட்டில் திரும்பும்போது
மணியை அழுத்தினேன்.
நான்கு நொடி கழித்து இன்னொரு தடவை.
இன்னொன்று.
கண்ணாடியில் ஓட்டுநரின் கண்கள்:
"ஒன்னு போதும்லா தங்கச்சி,
நிப்பாட்டத்தானே போறேன்."

நிப்பாட்டினார்.