மூன்றாவது ஏவல்

சோளம் அறுத்த தாள்கள் காலைக் குத்தும் வயல்.
நெப்ராஸ்காவின் மார்ச் மாதக் காற்று
கோட்டின் பொத்தான் ஓட்டையிலும் நுழையும்.
பாராசூட்டுக்கு டால்கம் பவுடர் போட்டேன்,
மடிப்பு மடிப்பாக, பச்சைக் குழந்தைக்குப் போடுவதுபோல.
குளிரில் நைலான் ஒட்டிக்கொள்ளும்.
ஒட்டினால் முட்டை செத்தது.

முட்டைதான் எங்கள் பயணி.
வேகவைக்காதது, அறுபத்தொரு கிராம்.
எண்ணூறு அடி ஏறவேண்டும்,
புறப்பட்ட நாற்பத்துமூன்றாம் வினாடியில்
தரையில் இருக்கவேண்டும்,
கீறல் கூடாது.
இதற்காக நவம்பரிலிருந்து பதினொரு தடவை விட்டிருக்கிறோம்.
பதினொன்றும் ஹோதானின் நோட்டில் இருக்கின்றன.
எழுநூற்று நாற்பது: காற்று.
எண்ணூற்று அறுபது: எடை போதாது.
ஆறாவதற்கு நேரே எண் இல்லை,
வெறுமே ‘பசு’ என்று எழுதியிருக்கும்.
அதைப்பற்றி டில்லனிடம் கேட்காதீர்கள்.

டில்லன் வெர்ப்கா நேற்று
கடலையளவு களிமண் கிள்ளி
மூக்குக் கூம்புக்குள் அப்பினான்.
நாலு கிராமுக்குப் பதினெட்டு அடி குறையுமாம்.
கணக்கைக் காட்டு என்றோம்.
கட்டைவிரலைக் காட்டினான்.

போட்டிக்குக் கணக்காகும் ஏவல் மூன்றே மூன்று.
முதலாவதில் முட்டை உடைந்து
கூம்பெல்லாம் மஞ்சள்.
இரண்டாவது எண்ணூற்று மூன்று,
வீடு போய்ச் சேரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை,
திறந்தால் குறைந்துவிடும் என்பதுபோல.
இன்னொன்று அப்படி வேண்டும். இன்றைக்கே.

சாட்சிக்கு வந்தவர் தபால் நிலையத்துத் திருமதி லிண்ட்க்விஸ்ட்.
காதில் கருவி, கையில் அட்டை.
தலையாட்டினார்.
ஐந்து, நான்கு, மூன்று
என்று ஹோதான் எண்ணியபோது குரல் வறண்டிருந்தது,
நோன்பு, விடியலிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் இல்லை.

போயிற்று.
புதுத்துணி கிழிகிற சத்தம் நம்மிடம் வருவதற்குள்
அது வேறெங்கோ இருந்தது.
சாயவில்லை, சுழலவில்லை,
உச்சியில் ஒரு கணம் யோசித்தது,
பிறகு ஆரஞ்சுத் துணி
தும்மல்போல விரிந்தது.
டில்லனின் கடிகாரத்தில் நாற்பத்துமூன்று.
ஹோதானின் கடிகாரத்தில் நாற்பத்துமூன்று புள்ளி ஒன்று.
எங்களிடமிருந்து இருபதடியில்,
இரண்டு தாள் வரிசைக்கு நடுவே,
கையால் கொண்டுவந்து வைத்ததுபோல இறங்கியது.

ஓடிப்போய் மண்டியிட்டோம்.
உயரமானி தன் எண்ணை பீப் பீப்பென்று சொல்லும்,
இலக்கத்துக்கு இலக்கம் மூச்சு விட்டு.
காதை வைத்தோம்.
நெடுஞ்சாலையில் ஒரு லாரி.
திருமதி லிண்ட்க்விஸ்ட் காதுக்கருவியைக் கழற்றி
உள்ளங்கையில் தட்டினார்,
மறுபடி மாட்டினார்.
“உங்களுக்குக் கேட்கிறதா, இட்செல்?”

இட்செல் நான்.
சின்னத் திருப்புளி என் பையில்.
குண்டூசித் தலையளவு துளைக்குள் விட்டு
அதன் சுவிட்சைக் கால் சுற்று திருப்புவது என் வேலை.
பவுடர் போட்டேன். மடித்தேன்.
முட்டையைப் பஞ்சில் படுக்கவைத்தேன்.
கால் சுற்று.

எவ்வளவு உயரம் போயிற்று என்று
இனி வானத்தைக் கேட்டாலும் தெரியாது.
திருமதி லிண்ட்க்விஸ்ட் அட்டையில் எழுத நேரமெடுத்துக்கொண்டார்,
ஒரு சுழியத்துக்கு அவ்வளவு நேரம்.
டில்லன் ஏவுதண்டைக் கழற்றப் போனான்,
பாதி வழியில் திரும்பி வந்து
“நாலு கிராம் சரிதான்” என்றான்.
ஹோதான் நோட்டில் பன்னிரண்டு என்று போட்டு,
நேரே ஒரு கோடு இழுத்தாள்.
கோட்டுக்குமேல் ‘நேராகப் போனது’ என்று எழுதினாள்.
பசுவுக்குப் பிறகு
அந்த நோட்டில் எண்ணில்லாத வரி அது ஒன்றுதான்.
என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.
திட்டியிருக்கலாம்.

இறைச்சி ஆலையின் இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் கார்கள்
விளக்குப் போட ஆரம்பித்த நேரம் கலைந்தோம்.
கீறலில்லாத முட்டையை ஹோதான் கையுறைக்குள் வைத்து
எடுத்துப்போனாள்.
இரவு ஒரு படம் அனுப்பினாள்:
தட்டில் பேரீச்சை, சம்பூசா,
இரண்டாக வெட்டி உப்புத் தூவிய முட்டை.

கீழே எழுதியிருந்தாள்:
தனி ருசி ஒன்றும் இல்லை.
முட்டை மாதிரிதான் இருக்கிறது.