நாற்பத்தொன்று

மாங்குளம் ஆசுபத்திரி இரத்ததான முகாமில்
தராசிலிருந்து இறக்கிவிட்டார்கள்.
"ஐம்பது வேணும் பிள்ளை."
நாற்பத்தொன்று.
பின்னால் நின்ற பெடியன்
காத்தடிச்சாப் பறந்திடுவா என்றான்.
பறக்கவில்லை.
சைக்கிளில் வீடு வந்து
முட்டை இரண்டு அவித்தேன்.

பிறகு உழுத்தம்மாக் களி, நல்லெண்ணெய் விட்டு.
இரணைமடுக் குளத்து ஜப்பான் மீன்.
தையல் ஆலை இடைவேளையில்
வெறுந் தேத்தண்ணியோடு நிற்காமல்
கைநிறையக் கச்சான்.
பசிக்காத நாளிலும்
கோப்பையைப் பாதியில் மூடி வைக்கவில்லை.

மாதம் ஒரு கிலோ.
மாரியில் காய்ச்சல் வந்து
இரண்டைத் திருப்பி எடுத்தது.

காப்பு இறுகிய அன்று
சவர்க்காரம் போட்டுக் கழற்றினேன்,
சிரித்துக்கொண்டு.

அடுத்த முகாம் ஆவணியில்.
இன்று நாற்பத்தெட்டரை.
செருப்போடு ஏறினால் நாற்பத்தொன்பது.
கழற்றிவிட்டே ஏறுகிறேன்.