அரை நட்சத்திரம்

போஸ்னானில் இன்றும் உறைபனி. ஹீட்டர் முனகுகிறது;
அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.

ரதோமிர் குலேஷா நடத்திய அதே சிம்பொனி, மூன்று பதிவுகள்.
முதலாவதில் அவனுக்கு முப்பத்தொன்று:
ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனின் வேகம்,
வயலின்களுக்கு மூச்சிரைக்கிறது.
இரண்டாவது ஸ்டுடியோவில். பிசிறே இல்லை.
துடைத்துவைத்த கண்ணாடிக் கதவு;
நெற்றியில் இடித்துக்கொண்டேன்.

மூன்றாவது, மேடையில் எடுத்தது.
மெதுவான பகுதியில் ஹார்ன் ஒருமுறை வழுக்கி
எழுந்து நடக்கிறது, ஒன்றும் நடக்காததுபோல்.
பிறகு மௌனம்.
குலேஷா மூச்சை இழுப்பது கேட்கிறது.
அவன் விடும்வரை செல்லோக்கள் காத்திருக்கின்றன.

அங்கேதான், பதினோராம் நிமிடத்தில்,
யாரோ மிட்டாய்த் தாளைப் பிரிக்கிறார்கள்.
சத்தம் வரக்கூடாதென்றுதான்
அத்தனை நிதானமாக, அத்தனை நீளமாக.
‘அரங்கச் சத்தம்: அரை நட்சத்திரம் குறைவு’
என்று எழுதினேன்.

உறையைத் திருப்பினால் தேதி: மார்ச் ஒன்பது.
அன்று ஏழாவது வரிசையில் நான்.
தொண்டையில் கரகரப்பு, கோட்டுப் பையில் தேன் மிட்டாய்.
மறுநாள் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்ததும் நினைவிருக்கிறது:
‘உயிரில்லாத மாலை.’

குறைத்ததைத் திருப்பிக் கொடுத்தேன்.
பிறகு, நியாயம் என்று ஒன்று இருக்கிறதே,
மறுபடி குறைத்தேன்.

ஹீட்டரைப் போட மறந்து, விரல்கள் விறைக்க,
பதினோராம் நிமிடத்தைத் திரும்பவும் வைக்கிறேன்:
இந்த முறையாவது
நான் அந்தத் தாளைப் பிரிக்காமல் இருப்பேனா என்று.