சேர்த்து எழுதுக

பிறையில் அன்று நல்ல வெயில்.
ஆசிரியர் அறையில் கறிபாப், ஆறிப்போன மீலோ,
மூன்றாவது தீர்மானம்:
அடுத்த ஆண்டு முதல் சேர்த்தெழுத்துப் பயிற்சியை
நிறுத்துவதா, வைத்திருப்பதா.

தேவராயன் சார் எழுந்தார்.
கைதான் மூளைக்கு வாசல் என்றார்.
வாசல்தான் சார், என்றாள் ஷாமளா,
ஆனால் அரை மணியில் பாதி
பென்சில் சீவவே போய்விடுகிறது.
வாசிக்கத் தடுமாறும் பதினோரு பேர் என் வகுப்பில்.
அந்த அரை மணியை அவர்களுக்குக் கொடுங்கள்.

நான் ஷாமளா பக்கம்.
பதினாறு ஆண்டில் நான்கு முறை
கற்பிக்கக் கற்றுக்கொண்டவள் நான்.
முதலில் எழுத்து, பிறகு சொல் என்றார்கள்.
முதலில் சொல், பிறகு எழுத்து என்றார்கள்.
வரிசையைக் கலைத்துக் குழுவாக உட்கார வை என்றார்கள்.
தொற்று வந்தபோது குழுவைக் கலைத்து
ஆளுக்கொரு மேசை.
இப்போது கண்ணாடித் திரையில் விரலால் இழுத்து
பூனைப் படத்தைப் பூனையோடு பொருத்துகிறார்கள்,
பொருந்தினால் கைதட்டல் கேட்கிறது.

என் வாதத்தைத் தயாராக வைத்திருந்தேன்:
நம் எழுத்துக்குக் கைகோக்கும் வழக்கமே கிடையாது.
சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி
கொம்பு ஒரு நாற்காலியில், ககரம் ஒரு நாற்காலியில்.
‘சேர்த்து எழுதுக’ என்று வினாத்தாளில் கேட்கிறோமே,
அங்கே சேர்வதும் ஒலிதான், மை அல்ல.
மரம் வேரோடு சேரும்போது
மகர மெய் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும்,
மற்றவை தள்ளித் தள்ளியேதான் நிற்கும்.
ரூமி எழுத்து மட்டும் பட்டர்வொர்த் ரயில் மாதிரி
ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகிறது.
அதையும் யார் கேட்கிறார்கள்?
எல்லாப் படிவமும் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்கிறது,
கையெழுத்துக் கோட்டைத் தவிர.

கடைசி வரியை நான் சொல்லவில்லை.
அது பிறகு தோன்றியது.

வாக்கெடுப்பு. ஏழுக்கு ஐந்து. நிறுத்தம்.

வகுப்புக்குத் திரும்பி
தைப்பிங் மிருகக்காட்சிசாலைச் சுற்றுலாவுக்கான
அனுமதிக் கடிதங்களை எண்ணினேன். இருபத்தெட்டு.
பெற்றோர் கையெழுத்துகள்:
ஒரு கிறுக்கல், ஒரு மின்னல், ஒரு கொசு,
நாசி லெமாக் எண்ணெய் பட்ட ஒன்று.
சர்வினுடையதில் நின்றேன்.
யோகமலர் என்று ரூமியில், ஓர் எழுத்தும் விடாமல்.
‘ஜி’யின் வால் கீழ்க்கோட்டைத் தொட்டுத் திரும்பியிருந்தது,
மார்ச் மாதம் நான் கரும்பலகையில் திருப்பியது போலவே.
வெளிச்சத்தில் பிடித்தேன்:
அழிரப்பர் விட்டுவைத்த மூன்று பென்சில் கோடுகள்.

கோடு போட்டுக் கையெழுத்திடும் தாய் உண்டா?

நாலரை மணிக்கு அழைத்தேன்.
தூக்கத்தின் அடியிலிருந்து வந்தது குரல்.
‘பாயான் லெப்பாஸ்ல நைட் ஷிப்ட், டீச்சர்.
எழுந்தா சோறு, குளியல், கம்பெனி பஸ்.
அவனே போட்டுக்குவான், நான்தான் போடச் சொன்னேன்.
ஏன், தப்பா இருக்கா?’

தப்பே இல்லை, என்றேன்.
அதுதான் பிரச்சினை என்று சொல்ல வாய் வரவில்லை.

‘போன வாரம் பேங்க்ல
என் கையெழுத்து ஒத்துவரலன்னு திருப்பிட்டாங்க லா.
வேற போட்டுக் குடுங்கன்னாங்க.
அவன் போடுறத பார்த்துப் பார்த்து அதையே போட்டேன்.
மூணு தாள் வீணாப்போச்சு.
அந்த வால் மட்டும் எனக்கு வரல.
நீங்க எப்படிச் சொல்லிக் குடுக்கறீங்க?’

இறக்கி, இடப்பக்கம் வளைத்து,
கையை எடுக்காமல் மேலே வாங்க, என்றேன்.
எங்கோ குக்கர் விசில் அடித்தது.
பேனா தேடும் சத்தம்.
கையை எடுக்காம, என்று சொல்லிப் பார்த்தாள்.

எடுத்த கைகளில் ஒன்று என்னுடையது.
இன்றைக்கு மறுபடி கேட்டாலும்
எடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.
இருபத்தெட்டுக் கடிதங்களையும் கட்டி
மேலே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி
என் கையெழுத்தைப் போட்டேன்:
எழுத்தே இல்லாத ஒரு கோடு,
ஒரு புள்ளி.