வளைத்தவன் தேதி போடவில்லை

லோரோங் கூலிட்டில் ஞாயிற்றுக்கிழமை
எட்டரைக்குள் நல்லதெல்லாம் போய்விடும்.
நான் போனது ஒன்பதே காலுக்கு.
ஹோக் லியான் விரித்த தார்ப்பாயில்
ஒரு வாளி டிவி ரிமோட், ஒற்றைச் செருப்பு,
ஓரமாகத் துரு ஒரு குவியல்.
"எதை எடுத்தாலும் நாலு வெள்ளி.
ரொம்ப நேரம் பார்த்தால் அஞ்சு."
ரொம்ப நேரம் பார்த்தேன்.
அஞ்சு கொடுத்தேன்.

ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறியது.
காலையில் பித்தளைப் பிரஷ்
(இரும்புப் பிரஷ் துருவோடு எழுத்தையும் தின்றுவிடும்).
தேய்க்கத் தேய்க்க முதலில் 'லாந்து' வந்தது.
அயர்லாந்தாக்கும், பின்லாந்தாக்கும் என்று
ஆசைப்படக் கொஞ்சம் அவகாசம் தந்து
பிறகுதான் 'இங்' வந்தது.
ஒரு வாயில் கால் அங்குலம், மறு வாயில் ஐந்து பதினாறு,
விட்வொர்த் கணக்கு:
எண் போல்ட்டின் தடிமனைச் சொல்லும்,
வாயின் அகலத்தைச் சொல்லாது.
தன்னைப் பற்றிப் பேசாத ஸ்பானர்.

கெப்போங்கிலிருந்து ஞானதீபன் போனில் சொன்னான்:
"பளபளப்பு இல்லைதானே? அப்போ சண்டைக் காலம்.
குரோமுக்குத் தட்டுப்பாடு."
கழுத்து மடிப்பில் லென்ஸை வைத்தேன்.
கடுகளவு வெள்ளை.
"பூச்சு இருந்திருக்கு தீபன், உரிஞ்சிருக்கு."
"நிக்கலா? குரோமா?"
"கடுகளவுதான்யா இருக்கு."
பதினொன்றரை வரை அந்தக் கடுகோடு மல்லுக்கட்டி
முப்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவே
என்று முடிவுக்கு வந்தோம்.
இருபது வருஷ இடைவெளி.
ஆபீசில் என் கணக்குப் புத்தகத்தில்
இருபது காசு இடித்தால் வீட்டுக்குப் போக மாட்டேன்.

ஆனால் வளைவு.
தண்டை யாரோ பழுக்கக் காய்ச்சி
முப்பது பாகை மடக்கியிருக்கிறார்கள்.
சுத்தியல் விழுந்த இடம் மூன்று,
அதில் ஒன்று குறி தவறியது.
எங்கோ ஒரு மெஷினில்
நேரான எதுவும் எட்டாத மூலையில்
ஒரே ஒரு போல்ட் இருந்திருக்க வேண்டும்.
எங்களைப் போன்றவர்களுக்கு அது ஊனம், பாதி விலை.
நோட்டில் எழுதினேன்:
வளைவு, கைவேலை. ஆண்டு தெரியாது.

நான்கு மாதம் பலகையில் தொங்கியது,
தன்னைச் சுற்றி நான் கறுப்பு மையில் வரைந்த
வெளிக்கோட்டுக்குள், ஒழுங்காக.

என் வண்டியின் பேட்டரி மாற்ற வந்த ரோஸ்லி
பேட்டரியை விட்டுப் பலகையைப் பார்த்தான்.
பத்து மாவுங்கில் ஐஸ் உடைக்கிற மெஷின்,
பழைய இங்கிலீஷ் டீசல்,
தண்ணி பம்புக்கு அடியில் ஒரு போல்ட்,
மூணு நாளாய்க் கெஞ்சுகிறானாம்.
"அந்தக் கோணல் ஒண்ணு குடுங்க கா."
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.
தேதியோடு.

வியாழக்கிழமை திரும்பி வந்தது,
மலாய்ப் பேப்பரில் சுற்றி, மீன் வாசத்தோடு.
"பொருந்திச்சா?"
"பொருந்தல. இன்னும் கொஞ்சம் வளைச்சேன்."

காது அடைத்தது.
அவன் சிரித்துக்கொண்டே நின்றான்,
வேலை முடிந்தவன் முகம்.
போல்ட் கழன்றதாம். பம்ப் ஓடுகிறதாம்.
ஒரு பை நிறைய கெம்போங் மீன் நீட்டினான்.

ஞானதீபனிடம் சொன்னதும்
லைனில் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.
பிறகு, "கெடுத்துட்டான்."
பிறகு, "எத்தனை பாகை?"

இரவு நோட்டைத் திறந்து எழுதினேன்:
இரண்டாம் வளைவு. புதன், பிற்பகல் மூன்று மணி வாக்கில்.
ரோஸ்லி பின் ஹமீது, பத்து மாவுங்.
பதினோரு வருஷமாய் எழுதும் நோட்டில்
சந்தேகமில்லாத முதல் தேதி.

பலகையில் மாட்டினேன்.
பழைய கோட்டுக்குள் அது உட்காரவில்லை,
வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.
புதுக் கோடு போட மைப் பேனாவைத் திறந்தேன்.
அடுத்த மாதம் இன்னொரு மெஷின் இருக்காம்,
அவன் போகும்போது சொன்னது.

பேனாவை மூடினேன்.
பென்சிலால் போட்டேன்.